கேட் தேர்வு: மார்க், ஸ்கோர், ராங்க் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் மாதம் கேட் ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். கல்லூரி ஜூனியர்கள், அவர்களுடைய நண்பர்கள், சில நேரம் அவர்களுடைய அப்பாக்கள். நான் இந்தத் தேர்வை இரண்டு முறை எழுதியவன். முதல் முறை கோட்டை விட்டவன், அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள் போல. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே பதிலும் எழுதிவிட்டேன்.

அண்ணா, கேட்னா என்ன? யார் நடத்துறாங்க, யாரெல்லாம் எழுதலாம்?

எம்.டெக், எம்.இ போன்ற முதுநிலைப் படிப்புகளில் சேர்வதற்கான அகில இந்தியத் தேர்வு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் பம்பாய், டெல்லி, குவாஹாத்தி, கான்பூர், கரக்பூர், மெட்ராஸ், ரூர்க்கி ஆகிய ஏழு ஐஐடிகளும் முறைவைத்து நடத்துகின்றன. ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு, மார்ச்சில் ரிசல்ட். இதுதான் வழக்கம்.

2021 தேர்விலிருந்து மூன்றாம் ஆண்டு படிப்பவர்களும் எழுதலாம். வயது வரம்பு கிடையாது. இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற கணக்கும் கிடையாது.

பேப்பர் எப்படி இருக்கும்?

ஒவ்வொரு பாடத்துக்கும் தனிப் பேப்பர். மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மார்க். இதில் பொதுத்திறன் பகுதி 10 கேள்விகள், 15 மார்க். மீதி 55 கேள்விகள் உங்கள் பாடத்திலிருந்து, 85 மார்க். பெரும்பாலான பொறியியல் பேப்பர்களில் அந்த 85-க்குள் 13 மார்க் கணிதத்துக்குப் போய்விடும். கேள்விகளை எந்த வரிசையிலும் போடலாம், திரும்பி வரலாம்.

கேள்விகள் மூன்று வகை. நான்கு விருப்பங்களில் ஒரே ஒரு சரியான விடை உள்ளது எம்.சி.க்யூ. ஒன்றோ அதற்கு மேலோ சரியாக இருக்கக்கூடியது எம்.எஸ்.க்யூ. விருப்பமே தராமல் எண்ணை நீங்களே உள்ளிட வேண்டியது நாட். நெகட்டிவ் மார்க் எம்.சி.க்யூவுக்கு மட்டும்தான்: ஒரு மார்க் கேள்வி தப்பானால் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மார்க் கேள்வி தப்பானால் மூன்றில் இரண்டு பங்கு கழியும்.

மார்க், ஸ்கோர், ராங்க் மூணும் ஒண்ணுதானே? எதைச் சொன்னா என்ன?

இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே இந்தக் கேள்விதான். மார்க் என்பது 100-க்கு நீங்கள் வாங்கியது. ஸ்கோர் என்பது 1000-க்குள் வரும் எண்; உங்கள் மார்க்கை அந்தப் பேப்பரின் கட்-ஆஃபோடும் உச்சத்தில் இருப்பவர்களோடும் வைத்து அளப்பது. ராங்க் என்பது அந்த வருடம், அந்தப் பேப்பரில், உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது.

சீட்டைப் பெரும்பாலும் முடிவு செய்வது ஸ்கோர். வீட்டில் வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்பது ராங்க். நீங்கள் கையை வைத்து மாற்றக்கூடியது மார்க் ஒன்றுதான்.

55 மார்க்தான் எடுத்தேன். ஸ்கோர் 625னு போட்டிருக்கு. எங்கிருந்து வந்துச்சு இது?

சூத்திரம் ஒன்றும் ரகசியம் இல்லை:

ஸ்கோர் = 350 + 550 × (உங்கள் மார்க் − கட்-ஆஃப்) ÷ (உச்ச சராசரி − கட்-ஆஃப்)

கட்-ஆஃப் என்பது பொதுப் பிரிவுக்கான தகுதி மார்க். உச்ச சராசரி என்பது அந்தப் பேப்பரை எழுதியவர்களில் முதல் 0.1 சதவீதம் பேரின் சராசரி மார்க். அந்த 0.1 சதவீதம் பத்துப் பேருக்கும் குறைவாக வந்தால் முதல் பத்துப் பேரை எடுத்துக்கொள்வார்கள். 60,000 பேர் எழுதிய பேப்பரில் முதல் 60 பேர், 4,000 பேர் எழுதியதில் முதல் 10 பேர்.

கணக்குக்காக கட்-ஆஃப் 30, உச்ச சராசரி 80 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 55-லிருந்து 30 போனால் 25. எண்பதிலிருந்து முப்பது போனால் 50. இருபத்தைந்தை ஐம்பதால் வகுத்தால் பாதி. 550-இல் பாதி 275, அதோடு 350, ஆக 625. அதாவது கட்-ஆஃபில் நிற்பவருக்கு 350, உச்ச சராசரியில் நிற்பவருக்கு 900. அதற்கும் மேலே போனவர்களுக்கு 900-ஐத் தாண்டும், ஆனால் 1000-த்தோடு நிறுத்திவிடுவார்கள்.

என் ரூம்மேட்டும் அதே 55 மார்க். வேற பேப்பர். அவனுக்கு 515தான். இது அநியாயம் இல்லையா?

அவன் பேப்பரில் கட்-ஆஃப் 40, உச்ச சராசரி 90 என்று இருந்திருந்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது: 350 + 550 × 15 ÷ 50 = 515. அந்தப் பேப்பர் எளிதாக இருந்திருக்கிறது, எல்லாரும் நிறைய எடுத்திருக்கிறார்கள், அந்தக் கூட்டத்தில் 55 என்பது நடுவாந்தரம். உங்கள் பேப்பர் கடினம், அதில் 55 நல்ல மார்க். வெறும் மார்க்கை வைத்து இருவரையும் ஒரே தராசில் நிறுத்தியிருந்தால்தான் அநியாயம்.

அதற்காக "கஷ்டமான பேப்பர்தான் எனக்கு லாபம்" என்று கோயிலில் வேண்டிக்கொள்ளவும் தேவையில்லை. கஷ்டம் எல்லாருக்கும் பொதுவானது.

25 எடுத்தா பாஸ்னு சொல்றாங்களே, உண்மையா?

பாதி உண்மை. பொதுப் பிரிவுக்குத் தகுதி மார்க் என்பது 25, அல்லது தேர்வு எழுதிய எல்லாருடைய மார்க்குகளின் சராசரியோடு திட்ட விலக்கத்தை (மார்க்குகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு) கூட்டினால் வரும் எண், இரண்டில் எது பெரிதோ அது. எனவே 25-க்குக் கீழே போகாது, மேலே போகலாம். ஓபிசி கிரீமி லேயர் அல்லாதோருக்கும் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கும் அதில் 90 சதவீதம். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. பொதுப் பிரிவுக்கு 30 என்றால் மற்ற இரண்டும் 27, 20 என்று வரும்.

தேர்வுக்கு முன்னால் இந்த எண் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அது பிறப்பதே தேர்வு முடிந்த பிறகுதான். யூடியூபில் ஜனவரியிலேயே "இந்த வருட கட்-ஆஃப்" என்று யாராவது சொன்னால் அது ஜோசியம்.

நான் பிசி. கம்யூனிட்டி சர்டிபிகேட் கையில இருக்கு. அது போதும்தானே?

போதாது. இதில் தடுக்கி விழுந்தவர்கள் நிறைய. நம் மாநிலத்தின் பிசி, எம்பிசி சான்றிதழ் மாநிலக் கவுன்சலிங்குக்கானது. ஐஐடி, என்ஐடி சேர்க்கைக்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி கிரீமி லேயர் அல்லாதோர் சான்றிதழ் வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். இ-சேவை மூலம் விண்ணப்பித்து தாசில்தார் அலுவலகத்திலிருந்து வாங்கலாம்.

சேர்க்கை நேரத்தில் அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதிக்குப் பிறகு வாங்கிய சான்றிதழைக் கேட்பார்கள். போன வருடத்தது பீரோவில் இருக்கிறதே என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். ஏப்ரல் பிறந்த கையோடு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

அண்ணா, ஸ்கோர் 317னு வந்திருக்கு. 350-க்குக் கீழ. நான் பெயிலா?

இல்லை. முந்தைய சூத்திரத்தில் கட்-ஆஃப் என்று போடுவது எப்போதும் பொதுப் பிரிவின் கட்-ஆஃப்தான், நீங்கள் எந்தப் பிரிவாக இருந்தாலும். அதே 30, 80 கணக்கில் ஓபிசி மாணவர் ஒருவர் 27 மார்க் எடுத்தால்: 350 + 550 × (−3) ÷ 50 = 317. அவர் தன் பிரிவில் தகுதி பெற்றுவிட்டார், ஸ்கோர் மட்டும் 350-க்குக் கீழே இறங்கியிருக்கிறது. 20 மார்க் எடுத்து பட்டியல் சாதிப் பிரிவில் தகுதி பெற்றவருக்கு இதே கணக்கில் 240 வரும். 350 என்பது பாஸ் கோடு அல்ல. தகுதி பெற்றீர்களா என்பதை உங்கள் பிரிவின் தகுதி மார்க்கோடு உங்கள் மார்க்கை ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

தெரியாத கேள்விக்கு குருட்டாம்போக்குல அடிக்கலாமா?

எந்த வகைக் கேள்வி என்பதைப் பொறுத்தது. எம்.எஸ்.க்யூ, நாட் இரண்டிலும் தப்பானால் ஒன்றும் கழியாது, எனவே காலியாக விட்டுவிட்டு வருவது முட்டாள்தனம். எம்.எஸ்.க்யூவில் பாதி சரிக்குப் பாதி மார்க் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எல்லாச் சரியான விருப்பங்களும் விழ வேண்டும், ஒரு தப்பும் சேரக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் 15-இல் ஒரு வாய்ப்பு. மூன்று விருப்பங்களைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தால் அது இரண்டில் ஒன்றாகிவிடும்.

எம்.சி.க்யூவில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஒன்றுமே தெரியாமல் அடித்தால், நான்கு முறையில் ஒரு முறை ஒரு மார்க் வரும், மூன்று முறை மூன்றில் ஒரு பங்கு போகும். வரவும் செலவும் சமம், மிச்சம் பூஜ்யம். ஒரே ஒரு விருப்பத்தையாவது உறுதியாக நீக்க முடிந்தால் சராசரியாக ஒன்பதில் ஒரு பங்கு லாபம். இரண்டை நீக்கினால் மூன்றில் ஒரு பங்கு. ஆக, எதையாவது நீக்க முடிந்தால் அடியுங்கள், முடியாவிட்டால் நகருங்கள்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. "நீக்கிவிட்டேன்" என்று நாம் நினைப்பதெல்லாம் நீக்கியது ஆகாது. மாதிரித் தேர்வுகளில் ஊகித்துக் குறித்த கேள்விகளுக்குத் தனியாக ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வாருங்கள். பத்துத் தேர்வு முடிந்ததும் அவற்றில் எத்தனை சரி என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணியபோது, என் உள்ளுணர்வு நாணயம் சுண்டுவதை விட மோசம் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு கை தானாக அடங்கியது.

ஒரே ஒரு கேள்வி தப்பானா என்ன பெருசா ஆயிடும்?

அதே 30, 80 பேப்பரில் ஒரு மார்க்குக்கு 11 ஸ்கோர். இரண்டு மார்க் எம்.சி.க்யூவைச் சரியாகப் போடுவதற்கும் தப்பாகப் போடுவதற்கும் இடையே 2.67 மார்க், அதாவது சுமார் 29 ஸ்கோர். என்ஐடி கவுன்சலிங்கில் 29 ஸ்கோர் என்பது பல இடங்களில் ஒரு கல்லூரிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள தூரம்.

எங்க செஷன் ரொம்பக் கஷ்டம். காலையில எழுதினவங்களுக்கு ஈஸி. என்ன பண்றது?

நீங்கள் ஒன்றும் பண்ண வேண்டாம், நார்மலைசேஷன் பண்ணும். ஒரே பேப்பர் ஒன்றுக்கு மேற்பட்ட செஷன்களில் நடந்தால் மட்டும் இது உண்டு. ஒவ்வொரு செஷனிலும் இரண்டு எண்களை எடுப்பார்கள்: முதல் 0.1 சதவீதம் பேரின் சராசரி, பிறகு அந்த செஷன் முழுவதற்குமான சராசரியும் திட்ட விலக்கமும் சேர்ந்த கூட்டல். எல்லா செஷன்களையும் ஒன்றாகப் போட்டும் இதே இரண்டு எண்களை எடுப்பார்கள். பிறகு உங்கள் செஷனின் அளவுகோலை இழுத்தோ சுருக்கியோ பொது அளவுகோலோடு பொருத்துவார்கள்.

கற்பனை எண்களில் பார்த்தால் புரியும். மொத்தமாக அந்த இரண்டு எண்கள் 80, 38. கடினமான செஷனில் 75, 35. எளிதான செஷனில் 82, 40. இரண்டிலும் ஒருவர் 55 எடுத்திருக்கிறார். கடினமான செஷன்காரர் தன் 35-ஐ விட 20 மேலே. அதை (80 − 38) ÷ (75 − 35), அதாவது 1.05 ஆல் பெருக்கினால் 21, அதோடு 38, ஆக 59. எளிதான செஷன்காரர் 40-ஐ விட 15 மேலே; 42 ÷ 42 என்பது ஒன்று, எனவே 15 + 38 = 53. மேலே சொன்ன ஸ்கோர் சூத்திரத்துக்குள் போவது இந்த 59-உம் 53-உம்தான், 55 அல்ல.

ஆன்சர் கீ வச்சு கணக்குப் போட்டேன், 58 வந்துச்சு. ஸ்கோர்கார்டுல 56.3. எங்க தப்பு?

மூன்று இடங்களில் தேடுங்கள். உங்கள் பேப்பர் பல செஷனில் நடந்திருந்தால் ஸ்கோர்கார்டில் இருப்பது நார்மலைஸ் செய்த மார்க், மேலே சொன்ன கதை. இரண்டாவது, முதலில் வெளியாகும் கீ இறுதியானது அல்ல. கட்டணம் கட்டி ஆட்சேபிக்கலாம், அதன் பிறகு சில விடைகள் மாறும். சில கேள்விகளுக்கு எல்லாருக்கும் மார்க் கொடுத்துவிடுவார்கள். இறுதிக் கீயை வைத்து மறுபடி கூட்டிப் பாருங்கள். மூன்றாவது, நீங்கள் குறித்ததாக நினைத்தது உண்மையில் பதிவாகாமல் போயிருக்கலாம். இதற்குத்தான் அடுத்த கேள்வி.

"மார்க் ஃபார் ரிவ்யூ" போட்டுட்டு மறந்துட்டேன். அந்தப் பதில் கணக்குல வருமா?

பதிலைத் தேர்ந்தெடுத்து, மார்க் ஃபார் ரிவ்யூ பட்டனையும் அழுத்தியிருந்தால் வரும். பதில் இல்லாமல் வெறும் ரிவ்யூ மட்டும் போட்டிருந்தால் வருவதற்கு அங்கே என்ன இருக்கிறது.

உண்மையான ஆபத்து வேறு. பதிலைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சேவ் அண்ட் நெக்ஸ்ட் அழுத்தாமல், பக்கத்தில் இருக்கும் கேள்வி எண்ணை நேராக அழுத்தித் தாவினால் அந்தப் பதில் பதிவாகாது. என் முதல் முயற்சியில் இப்படி மூன்று கேள்விகள் போயின. ரெஸ்பான்ஸ் ஷீட்டைப் பார்க்கும்வரை எனக்கே தெரியாது. மூன்றும் சரியான விடைகள்.

எத்தனை மாசம் படிக்கணும்? எங்கிருந்து ஆரம்பிக்க?

மாதக் கணக்கைச் சொன்னால் பொய்யாகிவிடும். கல்லூரியில் ஒழுங்காகப் படித்தவனுக்கு ஐந்து மாதம் போதும், தேர்வுக்கு முந்திய இரவு மட்டும் படித்துத் தேறியவனுக்கு ஒரு வருடம் வேண்டும். நீங்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆரம்பிக்க வேண்டிய இடம் பழைய வினாத்தாள்கள். பாடம் முழுவதையும் முடித்த பிறகுதான் பழைய தாளைத் தொடுவேன் என்று காத்திருப்பவர்கள் டிசம்பரில்தான் அதைத் திறக்கிறார்கள், அப்போது அதிர்ச்சிக்கு மட்டும்தான் நேரம் இருக்கும். முதல் வாரத்திலேயே ஒரு பழைய தாளை எடுத்து உட்காருங்கள். பத்து மார்க் வந்தாலும் பரவாயில்லை. கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்ணுக்குப் பழகும், பிறகு பாடப்புத்தகத்தைப் படிக்கும்போது எந்தப் பத்தியில் நிற்க வேண்டும் என்று தெரியும்.

பொதுத்திறன் 15, கணிதம் 13, ஆக 28 மார்க். எண்ணிப் பாருங்கள், பேப்பரில் கால் பங்குக்கு மேல். இதை ஜனவரிக்கு ஒத்திவைப்பவர்கள் ஏன் ஒத்திவைக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை; நானும் முதல் முறை அதைத்தான் செய்தேன். மாதிரித் தேர்வில் வாங்கிய மார்க்கை விட, அதன் பிறகு தப்புகளோடு செலவழித்த நேரம்தான் பலன் தரும். தெரியாமல் விட்டது, தெரிந்தும் கணக்கில் சறுக்கியது, கேள்வியையே தப்பாகப் படித்தது என்று ஒரு நோட்டில் பிரித்து எழுதி வாருங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கோச்சிங் போகலைன்னா முடியாதா?

முடியும். ஒழுங்காக உட்கார ஓர் ஆள் மேய்க்க வேண்டும் என்றால் போங்கள், தானே உட்காருவேன் என்றால் வேண்டாம்.

என் கால்குலேட்டரை எடுத்துட்டுப் போகலாமா?

கூடாது. திரையில் ஒரு மெய்நிகர் கால்குலேட்டர் வரும், மவுஸால் அழுத்த வேண்டும். வீட்டில் கையில் இருக்கும் கால்குலேட்டரில் பழகியவருக்கு இதில் நேரம் இரட்டிப்பாகும். அதிகாரப்பூர்வ மாதிரித் தேர்வில் இதே கால்குலேட்டர் கிடைக்கும். கடைசி இரண்டு மாதமாவது எல்லாக் கணக்கையும் அதிலேயே போடுங்கள்.

ரெண்டு பேப்பர் எழுதலாமாமே?

எழுதலாம், ஆனால் அனுமதிக்கப்பட்ட ஜோடிகளில் மட்டும். 2024-இல் டேட்டா சயின்ஸ் மற்றும் செயற்கை நுண்ணறிவு பேப்பர் வந்த பிறகு நிறைய பேர் அதையும் சேர்த்துப் போடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்கோர், இரண்டையும் கூட்டவோ சராசரி எடுக்கவோ மாட்டார்கள். பாடத்திட்டம் பாதியாவது ஒத்துப்போனால் எழுதுங்கள். சும்மா ஒரு கல் எறிந்து பார்ப்போம் என்றால் முதல் பேப்பர்தான் அடிபடும்.

போன வருஷம் ஸ்கோர் 640, ராங்க் 500. இந்த வருஷம் ஸ்கோர் 660, ராங்க் 900. எதை வச்சு அப்ளை பண்றது?

660. ஸ்கோர் ரிசல்ட் வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் செல்லும், எனவே இரண்டுமே இப்போது செல்லுபடியாகும். வேறு வேறு வருடத்துக்காரர்கள் ஒரே வரிசையில் நிற்கும்போது ராங்கை ஒப்பிட முடியாது, அதற்காகத்தான் ஸ்கோர் என்ற ஒன்றே இருக்கிறது. பொதுத்துறை நிறுவன வேலை மட்டும் வேறு கதை. பெரும்பாலும் அந்த வருட முடிவை மட்டும் கேட்பார்கள், சிலர் ஸ்கோரை விட்டுவிட்டு 100-க்கு எடுத்த மார்க்கைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு அறிவிப்பையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

சீட்டா-பிஜியும் எழுதணுமா, கேட் மட்டும் போதுமா?

சீட்டா-பிஜி என்பது நம் மாநில அளவிலான நுழைவுத் தேர்வு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.இ, எம்.டெக் சேர்க்கைக்கு இரண்டில் எதை வைத்தும் வரலாம். கேட் சொதப்பினால் கைகொடுக்க சீட்டா-பிஜி இருக்கட்டும் என்று எழுதுவதில் தவறில்லை. ஆனால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ தரும் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கேட் தகுதியோடு முழுநேரப் படிப்பில் சேர்ந்தவர்களுக்குத்தான், அதுவும் சேரும்போது ஸ்கோர் செல்லுபடியாக இருந்தால். இரண்டு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 3 லட்சம்.

கோப்-ல ரெஜிஸ்டர் பண்ணிட்டேன். ஐஐடியில இருந்து ஒண்ணும் வரலையே?

தனியாக அந்த ஐஐடிக்கு விண்ணப்பித்தீர்களா? கோப் என்பது ஐஐடிகள் தரும் சீட்டை உங்களுக்குக் காட்டி, உங்கள் முடிவைக் கேட்டுக்கொள்ளும் ஒரு ஜன்னல். விண்ணப்பம் ஒவ்வொரு ஐஐடியின் தளத்திலும் தனித்தனியாகப் போட வேண்டும். சிலவற்றுக்கு நேர்முகமும் எழுத்துத் தேர்வும் உண்டு. என்ஐடிகளுக்கு சிசிஎம்டி என்ற தனிக் கவுன்சலிங்.

கோப்பில் சீட் வந்தால் மூன்று வழிகள். ஏற்றுக்கொண்டு அதோடு முடித்துக்கொள்வது, இதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பது, இது வேண்டாம் என்று விட்டுவிட்டுக் காத்திருப்பது. மூன்றாவதை அழுத்திவிட்டால் அந்தச் சீட் திரும்பக் கேட்டாலும் வராது. ராத்திரி பதினொரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், போனில் அதை அழுத்திவிட்டு "அண்ணா, மாத்த முடியுமா?" என்று கேட்டவர் ஒருவர் இருக்கிறார். முடியாது, தம்பி.